ஏ சைடில் டீப் பர்ப்பிள், பி சைடில் ஐயப்பன்

கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேற்கொண்டு எதையும் அதில் பதிய முடியாது. 1986 கார்த்திகையில், ஏற்காட்டு விடுதிப் பள்ளி ஒன்றில் படித்த பையன் எங்கள் கடைக்குக் கொண்டுவந்த கேசட்டில் அந்த நாக்கு உடைக்கப்படாமல் இருந்தது. நான் டிரம்ஸ் வாசிக்கப் போய்ச் சீரழிந்ததற்கு அந்த நாக்குதான் காரணம் என்று என் மனைவி சொல்வாள்.

எனக்கு அப்போது 17 வயது. சேலம் முதல் அக்ரகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் கேசட் ரெக்கார்டிங் கடை. ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள், பதிந்து கொடுப்போம். பாட்டைத் தேடி எடுத்து வைப்பது, அட்டையில் பேர் எழுதுவது, முதலாளிக்கு டீ வாங்கி வருவது எல்லாம் என் வேலை. அந்தப் பையன் ஒரு சனிக்கிழமை காலை மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தான். "அண்ணா, இதுல இருக்கறத அப்படியே இன்னொரு கேசட்ல போட்டுக் குடுங்க, அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்" என்றான். பெங்களூரில் இருந்த அவன் அண்ணன் எல்பி ரெக்கார்டிலிருந்து பதிந்து கொடுத்த 90 நிமிடக் கேசட். மேலே ஒட்டிய லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் கொட்டை எழுத்தில் மூன்றே வார்த்தை: மேட் இன் ஜப்பான்.

நான் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் மாலை போட்ட ஒரு சாமி வந்து, நல்ல டேப்பாகப் பார்த்து ஐயப்பன் பாட்டு போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலாளி மேசையைப் பார்த்தார். ஜப்பானில் செய்த கேசட் ஒன்று கிடந்தது. எடுத்து மாட்டிவிட்டார். டேப் பி சைடு ஆரம்பத்தில் நின்றிருந்ததால் முதலில் பி சைடில் பதிந்தார். 45 நிமிடம். அப்புறம் ஏ சைடுக்குத் திருப்பி, சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்து வேறு சாமிகள் வந்தார்கள். டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழு; 'மேட் இன் ஜப்பான்' என்பது அவர்கள் ஆல்பத்தின் பேர்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். முதலாளி இரண்டு புதுக் கேசட்டைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டான், பழையதைத் தொடவே இல்லை. அன்று ராத்திரி அதை நான் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஏ சைடில் நான்கு உருப்படி, முப்பத்தாறு நிமிடம் போல. 1972 ஆகஸ்ட் 15, 16, 17 ஆகிய மூன்று ராத்திரிகளில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளில் பதிந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். அன்றைக்குத் தெரிந்தது, இரண்டாவது பாட்டில் பாடுகிறவர் கத்துகிற கத்து மனுஷக் கத்தாக இல்லை என்பது. நாலாவது உருப்படி 'தி மியூல்'. கொஞ்ச நேரம் எல்லோரும் வாசிப்பார்கள், அப்புறம் டிரம்ஸைத் தவிர எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். ஒரே ஆள், நிமிடக் கணக்கில், நிறுத்தாமல் உருட்டுவார். தறியில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் திருப்பாமலே, "என்னடா, நாடா தடம் மாறி ஓடுது?" என்று கேட்டார். நாடா என்றால் டேப் இல்லை, தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை.

அப்பாவுக்குக் குழித்தறி. எங்கள் வீட்டில் கடிகாரத்தை விடத் தறிச் சத்தத்துக்குத்தான் நேரம் தெரியும். எனக்குத் தறி படியவில்லை. நான் இடக்கைக்காரன், எங்கள் பக்கத்தில் ஒரட்டாங்கை என்பார்கள். வலது கையால் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டி, இடது கையால் பலகையை அடித்து, காலால் மிதிக்க வேண்டும். என் கை இரண்டும் தங்களுக்குள் வேலையை மாற்றிக்கொள்ளப் பார்க்கும், இழை அறுந்துபோகும். "தறிக்கு ஏதுடா ஒரட்டாங்கை" என்று அப்பா பலகையிலிருந்து என்னைக் கிளப்பிவிடுவார். கையும் காலும் தனித்தனியாக வேலை பார்க்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1988-ல் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை என்றதும் அதுதான் சோறு போட்டது.

குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

அங்கேயும் அதே கைத் தொல்லை. டிரம் செட் குழுவுக்குச் சொந்தம், வலக்கைக்காரர்களுக்கு ஏற்ற மாதிரி அடுக்கியிருக்கும். நான் திருப்பி வைக்க ஆரம்பித்தால் கீபோர்டு அண்ணன் பல்லைக் கடிப்பார். "ஒருத்தன் உக்கார்றதுக்கு ஊரையே திருப்பி வெக்கணுமாடா?" ஆறு வருஷம் கோணலாகவே வாசித்தேன். 1994-ல் கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக் கேபிளில் ஏதோ ஓர் இங்கிலீஷ் பாட்டுச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. நீளமுடிக்காரர்கள் ஒரு பெரிய மைதானத்தில் வாசித்தார்கள். கேமரா டிரம்ஸ் பக்கம் திரும்பியது. ஹை-ஹேட் என்கிற ஜோடித் தாளத் தட்டு அந்தப் பக்கம் இருந்தது. கண்ணாடியில் பார்ப்பது போல செட் முழுக்கத் தலைகீழ். கீழே டீப் பர்ப்பிள் என்று பேர் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் மாமியார் கையிலிருந்த தோசைத் திருப்பியோடு ஓடி வந்துவிட்டார்.

இயன் பெய்ஸ் இடக்கைக்காரர். எட்டு வருஷமாக என் கேசட்டில் வாசித்த மனிதர் அவர்தான். மறுநாளே போய்ச் செட்டைத் திருப்பி வைத்தேன். கீபோர்டு அண்ணனிடம் இங்கிலாந்திலேயே இப்படித்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அந்தச் சேனலில் ஒரு விஷயம் குழப்பியது. கேசட் அட்டையில் அந்தப் பையன் ஐந்து பேர் எழுதியிருந்தான்: கில்லன் பாட்டு, பிளாக்மோர் கிட்டார், லார்ட் ஆர்கன், குளோவர் பேஸ், பெய்ஸ் டிரம்ஸ். டிவியில் பாடினவர் வேறு ஆள். பேஸ் வாசித்தவரும் வேறு ஆள், அவரும் நடுநடுவே பாடினார். இதை யாரிடம் கேட்பது? சேலத்தில் 1994-ல் கேட்க எனக்கு ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பெங்களூர் போகும்போது பழைய பத்திரிகை, சிடி உறையில் இருக்கும் பொடி எழுத்து, பிற்பாடு பிரௌசிங் சென்டர் என்று பொறுக்கிச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விசிறிகள் இந்தக் குழுவின் ஒவ்வொரு ஆள் சேர்க்கைக்கும் மார்க் ஒன், மார்க் டூ என்று நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். அம்பாசடர் கார் மாதிரிதான். எங்கள் குழுவுக்கும் ஒரு மார்க் ஃபோர் அம்பாசடர் இருந்தது, கேரியரில் டிரம் செட்டைக் கட்டி வாழப்பாடி, தாரமங்கலம், இளம்பிள்ளை என்று ஓடும். அம்பாசடர் நாலோடு நம்பரை நிறுத்திக்கொண்டது. டீப் பர்ப்பிள் இப்போது மார்க் ஒன்பதில் ஓடுகிறது. ஒன்பதிலும் டிரம்ஸ் பெய்ஸ் ஒருவர்தான். ஆரம்பத்திலிருந்து இன்று வரை மாறாத ஆள் வேறு யாரும் கிடையாது.

ஆரம்பக் கதையே வேடிக்கை. கிறிஸ் கர்டிஸ் என்று ஒரு டிரம்மர், முன்பு 'தி சர்ச்சர்ஸ்' குழுவில் இருந்தவர். அவருக்கு 1967-ல் ஒரு யோசனை. ஒரு குழு, அதில் ஆட்கள் குடை ராட்டினத்தில் ஏறி இறங்குவது போல வந்து வந்து போகலாம். அதற்கு ராட்டினம் என்று பொருள்படும் 'ரவுண்டபவுட்' என்றே பேரும் வைத்தார். ஜான் லார்டைப் பிடித்தார், ரிட்சி பிளாக்மோரை வரவழைத்தார். அப்புறம் முதலில் இறங்கிப் போனவர் அவரேதான். 1968-ல் மீதிப் பேர் சேர்ந்தார்கள். பாட்டுக்கு ராட் எவன்ஸ், பேஸுக்கு நிக் சிம்பர், டிரம்ஸுக்கு 19 வயது பெய்ஸ். பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள். அந்த வருஷமே 'ஹஷ்' என்ற பாட்டு அமெரிக்காவில் நாலாவது இடம் வரை போனது. மூன்று ஆல்பம் வந்தது. அதுதான் மார்க் ஒன்.

மார்க் டூ எப்படி வந்தது என்பதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது.

1969 கோடையில் லார்டும் பிளாக்மோரும் பெய்ஸும் இன்னும் கனமாக வாசிக்க வேண்டும், எவன்ஸின் குரல் அதற்குத் தாங்காது என்று முடிவு செய்தார்கள். 'எபிசோட் சிக்ஸ்' என்ற குழுவிலிருந்து இயன் கில்லனைக் கூப்பிட்டார்கள், அவரோடு ராஜர் குளோவரும் வந்தார். லண்டனில் ஹான்வெல் என்ற இடத்தில் ஒரு சமூகக் கூடத்தில் இந்த ஐந்து பேரும் ரகசியமாக ரிகர்சல் பார்த்தார்கள். அதே நாட்களில் எவன்ஸையும் சிம்பரையும் வைத்துக்கொண்டு வெளியே கச்சேரியும் செய்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1997. எங்கள் குழுவில் ஆரம்பத்திலிருந்து பாடிய அண்ணனுக்குப் புதுப் பாட்டுகள் வரவில்லை. மேல் சுருதிக்குப் போனால் குரல் கம்மும். சேலம் குகை என்ற பகுதியில் ஒரு மாடியில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, புதுப் பையன் ஒருவனை வைத்து மூன்று வாரம் ரிகர்சல் பார்த்தோம். வாரக் கடைசியில் கோவில் கச்சேரி வந்தால் அண்ணனோடு அதே காரில் போய், அதே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, அவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு வருவோம். ஒரு நாள் திரும்பி வரும்போது ஓமலூர் தாண்டி, "என்னடா ஒருத்தனும் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். தூக்கம் அண்ணா என்றேன்.

ஹான்வெல் கூடத்தில் நடந்த ரிகர்சலில் பெய்ஸ் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன். பாட்டுக்காரருக்கும் கிட்டார்காரருக்கும் நடக்கிற சண்டை எல்லோருக்கும் தெரியும், பத்திரிகையிலும் வரும். டிரம்மர் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் இல்லாமல் எந்த ரகசிய ரிகர்சலும் நடக்காது.

ஹான்வெல்லில் உருவானதுதான் உலகம் அறிந்த டீப் பர்ப்பிள். அதே 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு ஜான் லார்ட் எழுதிய கான்சர்டோவை வாசித்தார்கள். 1970-ல் 'இன் ராக்' ஆல்பம். 1972-ல் 'மெஷின் ஹெட்'. கிட்டார் கடையில் கால் வைக்கிற எந்தப் பையனும் முதலில் தட்டிப் பார்க்கும் அந்த நாலு சுர மெட்டு அதில்தான் இருக்கிறது. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஊரில் ஃபிராங்க் ஜாப்பா கச்சேரி நடக்கும்போது யாரோ தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையில் சுட, காசினோ முழுக்க எரிந்துபோனது. அந்த காசினோவில்தான் இவர்கள் ஆல்பம் பதிவதாக இருந்தார்கள். ஏரி மேல் படர்ந்த புகையை 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்று பாட்டாக்கிவிட்டார்கள், அந்த நாலு சுர மெட்டு அதனுடையதுதான். லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசிப்பார், அதனால்தான் அது ஆர்கன் மாதிரியே இருக்காது, உறுமும். இதை நான் கீபோர்டு அண்ணனிடம் சொல்லப்போய், அவர் ஒரு நாள் ஆசைப்பட்டு கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் கீபோர்டைச் செருகினார். ஸ்பீக்கர் கிழிந்தது. அந்த மாதச் சம்பளத்தில் என் பங்கும் பிடிக்கப்பட்டது.

உச்சியில் இருக்கும்போதே கில்லன் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் வாசித்துத் தீர்த்தார்கள். கடைசிக் கச்சேரி 1973 ஜூன் 29, அதே ஒசாகா. அன்றைக்கு பெய்ஸுக்கு 25-வது பிறந்தநாள். குளோவரும் அதோடு வெளியே. குளோவர் பாவம், அவரை வேண்டாம் என்றது பிளாக்மோர்.

அடுத்து வந்தவர்களைத்தான் நான் டிவியில் பார்த்தேன். டேவிட் கவர்டேல், இங்கிலாந்தின் வடக்கே ரெட்கார் ஊரில் துணிக்கடையில் வேலை பார்த்த 21 வயதுப் பையன். 'டிரபீஸ்' குழுவிலிருந்து வந்த க்ளென் ஹ்யூஸ், பேஸும் பாட்டும். சேலத்து ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த பையனை ஒரேயடியாகக் கொண்டுபோய் லட்சக்கணக்கான பேர் முன்னால் நிறுத்தியது போல. 1974 ஏப்ரல் 6, 'கலிஃபோர்னியா ஜாம்' என்ற ராக் விழா. அன்றைக்கு பிளாக்மோர் கிட்டாரால் ஒரு டிவி கேமராவைக் குத்தியதும் ஆம்ப்ளிஃபயரைக் கொளுத்தியதும்தான் எல்லோரும் பேசுகிற விஷயம்.

விசிறிகளைக் கேட்டால் மார்க் டூதான் அசல், மற்றதெல்லாம் ஒட்டுமாங்கனி என்பார்கள். கீபோர்டு அண்ணனும் அந்தக் கட்சிதான். டிரம்ஸ் ஸ்டூலிலிருந்து கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்க் த்ரீயில் வந்த 'பர்ன்' என்ற தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பெய்ஸ் சும்மா இருக்க மாட்டார், வரிக்கு வரி உருட்டிக்கொண்டே போவார். கச்சேரியில் நான் அப்படி வாசித்தால் பாடகர் மைக்கைக் கீழே வைத்துவிடுவார். புது ஆட்கள் வந்ததும் அவர் கையும் புதிதாகிவிட்டது. அதற்கு அடுத்த சேர்க்கையில் அமெரிக்காக்காரர் டாமி போலின் வந்தபோது ஆட்டம் போட வைக்கும் தாளத்துக்கு மாறினார். குழு மாறாதது போலத் தெரிவதற்கு அவர் எத்தனை தடவை மாற வேண்டியிருந்தது என்பதை யாரும் எண்ணுவதில்லை.

1975-ல் பிளாக்மோர் போய் 'ரெயின்போ' ஆரம்பித்தார். போலின் வந்து ஒரே ஆல்பம். 1976 மார்ச் 15 லிவர்பூல் கச்சேரியோடு குழுவே முடிந்தது. அந்த வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி மயாமியில் போலின் இறந்தார், 25 வயது. போதைப் பழக்கம். மோன்ட்ரோ எரிந்த அதே தேதி.

இனி வருவதுதான் எங்கள் குழுவின் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம்.

1980-ல் அமெரிக்காவில் டீப் பர்ப்பிள் திரும்பி வந்துவிட்டது என்று விளம்பரம். மெக்சிகோவிலும் கனடாவிலும் கூடக் கச்சேரி. மேடையில் ஏறிப் பார்த்தால் பழைய ஆள் ஒருவரே ஒருவர், 1969-ல் கழற்றிவிடப்பட்ட ராட் எவன்ஸ். மீதி நாலு பேர் யாரென்றே ஜனங்களுக்குத் தெரியாது. பிளாக்மோர் எங்கே என்று கூட்டம் கத்தியது. வழக்கு நடந்து, எவன்ஸ் தரப்பு 6,72,000 டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முதல் மூன்று ஆல்பத்துக்கு அவருக்கு வந்துகொண்டிருந்த பங்கும் போனது. அதோடு மனிதர் இசை உலகத்தை விட்டே காணாமல் போனார்.

எங்களுக்கு 2004 ஆடி மாதம். தாரமங்கலம் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோவில் கமிட்டியிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குப் போன். "ஏனுங்க, கிளம்பிட்டீங்களா? கூட்டம் உக்காந்திருச்சுங்க." எங்களுக்கு அன்று கச்சேரியே இல்லை, நான் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். ஃப்ளெக்ஸில் எங்கள் குழு பேர், முன்னால் பொடி எழுத்தில் 'ஒரிஜினல்' என்று ஒரு வார்த்தை, எங்கள் போட்டோ, அதில் என் போட்டோவும். அட்வான்ஸ் வாங்கியவர் 1997-ல் நாங்கள் மாடியில் வைத்துக் கழற்றிவிட்ட அண்ணன். அவர் குழு வரத் தாமதமானதால் கமிட்டிக்காரர் பழைய டைரியில் இருந்த என் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறார். பத்து மணிக்கு அவர்கள் வந்து வாசித்தும் விட்டார்கள். கூட்டம் யாரையும் தேடவில்லை. நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். அது கொஞ்சம் வலித்தது.

நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. பெரியவர் ஒருவரை நடுவில் வைத்து, டீக்கடை பெஞ்சில் பேசி, அவர் பேருக்கு முன்னால் 'நியூ' போட்டுக்கொள்வது என்று முடிந்தது. ஏழு வருஷம் மூத்தவர் பேரில் 'நியூ'.

அதே வருஷம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன், கையைப் பிடித்துவிட்டார். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். பீட்ரூட் துருவல் சட்டையில் கொட்டாமல் தின்பதில் இரண்டு பேரும் மும்முரமாக இருந்தோம். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "குகை மாடியில நீயும் இருந்தியாடா?"

"இருந்தேண்ணா."

"தெரியும். டிரம்ஸ் இல்லாம ரிகர்சல் நடக்காதே." இன்னொரு செட் சொன்னார்.

ராட் எவன்ஸ் கதையை நான் படித்தது அதற்கு நாலைந்து வருஷம் கழித்து. எவன்ஸ் செய்தது தப்பு என்று எழுதாதவர்கள் இல்லை. தப்புதான். படித்துவிட்டு ஹான்வெல் பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் படித்தேன்.

நிஜ டீப் பர்ப்பிள் 1984-ல் மார்க் டூ ஆட்களோடு திரும்பியது. இடைப்பட்ட வருஷங்களில் இவர்கள் ஒருவர் குழுவில் ஒருவர் புகுந்து வாசித்ததை எழுதினால் கல்யாண வீட்டு உறவுமுறை மாதிரி ஆகிவிடும். லார்டும் பெய்ஸும் கவர்டேலின் 'ஒயிட்ஸ்நேக்'கில், குளோவர் தன்னை வெளியேற்றிய பிளாக்மோரின் ரெயின்போவில், கில்லன் ஒரு வருஷம் 'பிளாக் சபாத்'தில். சேர்ந்தார்கள், மறுபடி கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் ஆகவில்லை. 1989-ல் கில்லன் வெளியே, ஜோ லின் டர்னர் உள்ளே. 1992-ல் கில்லன் உள்ளே. 1993 நவம்பரில் ஹெல்சின்கி கச்சேரியோடு பிளாக்மோர் ஒரேயடியாகப் போனார். அடுத்த மாதம் ஜப்பான் கச்சேரிகள் காத்திருந்தன, ஜோ சாட்ரியானி வந்து கைகொடுத்தார். 1994-ல் ஸ்டீவ் மோர்ஸ் நிரந்தரமானார்.

அந்த மோர்ஸ், லார்ட், கில்லன், குளோவர், பெய்ஸ் சேர்க்கை 2001-ல் பெங்களூருக்கே வந்தது. சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர். பங்குனி மாதம், எங்களுக்கு ஒப்புக்கொண்ட கச்சேரி. எனக்குப் பதிலாக வாசிக்க ஆள் இருந்தான், ஆனால் அவன் வலக்கைக்காரன். செட்டைத் திருப்பி அடுக்கினால் அப்புறம் அப்படியே நிலைத்துவிடும் என்று ஒரு பயம். சின்னத்தனம்தான். போகவில்லை. அடுத்த வருஷமே ஜான் லார்ட் ஓய்வு பெற்றுவிட்டார், டான் ஏரி வந்தார். 2012-ல் லார்ட் இறந்த செய்தி வந்தபோது கீபோர்டு அண்ணன் எனக்கு போன் செய்து, ஸ்பீக்கர் கிழிந்த கதையைத் தானே சொல்லிச் சிரித்தார். ரொம்ப நேரம் போனை வைக்கவில்லை.

2016 ஜூனில் பெய்ஸுக்கு லேசான பக்கவாதம். உடம்பின் வலது பக்கம் மரத்துப் போனது, சில கச்சேரிகள் ரத்து. 1968-லிருந்து அவரால் கச்சேரி நின்றது அதுதான் முதல் தடவை. சீக்கிரமே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். 2022-ல் மனைவியின் புற்றுநோய்க்காக மோர்ஸ் விலக, வட அயர்லாந்துக்காரர் சைமன் மெக்பிரைட் வந்தார். இதுதான் மார்க் ஒன்பது. 2024-ல் புது ஆல்பமும் வந்துவிட்டது.

என் கணக்கு அவ்வளவு நீளம் இல்லை. 2000-க்கு அப்புறம் முழு செட்டைத் தூக்கிக்கொண்டு போவது கட்டுப்படியாகவில்லை, ரிதம் பேடுக்கு மாறினேன். பேடில் இடது, வலது பிரச்சினையே இல்லை என்பது மட்டும் லாபம். பிறகு தாளத்தைக் கீபோர்டிலேயே போட்டுவிட்டார்கள். கடைசி மூன்று வருஷம் நான் வாசித்ததை விட அட்வான்ஸ் வசூல் செய்ததும் வேன் பேசியதும்தான் அதிகம். 2019-ல் மணிக்கட்டு வலியோடு நிறுத்திக்கொண்டேன். 31 வருஷத்தில் எங்களுக்கு எத்தனை மார்க் என்று எண்ணிப் பார்த்தேன், பதினாலு வந்தது.

அந்தக் கேசட் இன்னும் வீட்டில் இருக்கிறது. மனைவிக்கு அது என் கேசட்டே இல்லை, சாமி கேசட். ஒவ்வொரு கார்த்திகையிலும் காலையில் விளக்கேற்றிவிட்டு பி சைடைப் போடுவாள். முடிந்ததும் நான் திருப்பிப் போட்டுக்கொள்வேன். டேப் சிக்கி அறுந்து, நெயில் பாலிஷ் வைத்து ஒட்டி, அப்படியும் 2006 வரை ஓடியது.

போன மே மாதம் மகள் எங்களைக் காரில் ஏற்காட்டுக் கோடை விழாவுக்குக் கூட்டிப்போனாள். ஏரிக்கரை மேடையில் யாரோ சின்னப் பையன்கள் வாசித்தார்கள், டிரம்ஸ் பையன் வலக்கைக்காரன், நன்றாக வாசித்தான். இருட்டுவதற்கு முன் இறங்கிவிடலாம் என்று கிளம்பினோம். மகள் செல்போனில் அந்த ஜப்பான் கச்சேரியைத் தேடி எடுத்து முழுசாக ஓடவிட்டாள். அவளும் ஏ சைடு கேட்டு வளர்ந்தவள்தான். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தோம். கீழே சேலத்து விளக்குகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் 'தி மியூல்' வந்தது. பெய்ஸ் தனியாக உருட்டி முடித்தார், ஜப்பான்காரர்கள் கைதட்டினார்கள், அடுத்த பாட்டுக்குக் கிட்டார் கிளம்பியது.

பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சாமி பாட்டு எங்கடி?" என்று மகளைக் கேட்டாள்.